முழக்கத்துக்கு உதடு போதும்

தட்… தட்… தட்!

கீழ்த்தளத்திலிருந்து மூன்று சத்தம். மேடையில் நாற்காலிகளை வளைவாகப் போட்டுக்கொண்டிருந்த நான் தலையைக்கூடத் திருப்பவில்லை. கட்டியக்காரர் கோலைத் தட்டிப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பெரிய விருந்தாளி உள்ளே நுழையும் முன் வெள்ளிப் பூண் போட்ட நீளக் கோலால் தரையில் மூன்று முறை தட்டி, அவர் பதவியை அடிவயிற்றிலிருந்து அறிவிப்பதுதான் அந்த மனிதரின் உத்தியோகம்.

அரை நிமிஷம் கழித்து இரும்பு சரிந்தது. பத்துப் பன்னிரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த சத்தம். அதற்கு மேல் ஓர் அலறல்.

என் தம்பியின் அலறல்.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். பாதிப் படியில் ஊசி எதிரே வந்தான். எங்கள் குழுவின் இரண்டாவது ட்ரம்பெட். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும், அதனால் ஊசி. வலது கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "என்னக்கா சத்தம்?" என்றான். அவனை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினேன்.

உடை மாற்றும் அறையில் பச்சைத் தூணுக்கு அடியில் தம்பி குப்புறக் கிடந்தான். சுற்றிலும் சாய்ந்த ஸ்டாண்டுகள், சிதறிய இசைத்தாள்கள். நிமிர்த்தினேன். மேலுதடு நடுவில் பிளந்து இரண்டு துண்டாகத் தொங்கியது. வெள்ளைச் சட்டையின் மார்பு முழுக்க ரத்தம். என் முட்டிக்கு அடியில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தேன். முன்பல்.

"யாருடா?"

"தெரியல… லைட்டு அணைஞ்சிடுச்சு… கையால குத்தினான்."

"ட்ரம்பெட் எங்கடா?"

ரத்தம் கொட்டும் தம்பியிடம் ட்ரம்பெட் எங்கே என்று கேட்கும் அக்கா உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவன் மூலையைக் கைகாட்டினான். "எட்டிக்குள்ள. எடுக்கவே இல்ல."

பெட்டி, எட்டியாகியிருந்தது. உதடு சேர்ந்தால்தானே 'ப' வரும்.

எங்களுடையது பதினோரு பேர் கொண்ட பித்தளை வாத்தியக் குழு. கச்சேரி, ஊர்வலம் எதுவும் கிடையாது. சம்பிரதாய விருந்துகள் மட்டும். மேசைக்கு மேசை வெள்ளைத் துணி விரித்து, யார் யாருக்கு அடுத்து உட்காருவது என்று மூன்று மாதம் சண்டை போட்டு நடத்துவார்களே, அந்த மாதிரி. அன்று நீதிபதிகள் சங்கத்தின் ஆண்டு விருந்து. நான் எதையும் ஊதுவதில்லை. ஊதுகிறவர்களை மேய்ப்பவள். கையில் ஒரு குச்சி, நாக்கில் கொஞ்சம் விஷம், அதை வைத்துப் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் டியூபா ஊதுகிறார். அதைத் தூக்க ஏற்ற உடம்பு, எல்லாருக்கும் அவர் மலையண்ணன். என் தம்பி முதல் ட்ரம்பெட். பதினொரு வயதிலிருந்து எங்கள் வீட்டில் வளர்ந்தவன். என் வீட்டுக்காரருக்கு அவன் மச்சினன் இல்லை, பிள்ளை.

அவர் அறைக்குள் வந்தபோது தம்பி அவரைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"ஆ… ஆ…"

'மாமா' என்று சொல்லப் பார்க்கிறான் என்பது எங்கள் இருவருக்குமே ஒரே நேரத்தில் புரிந்தது. இரண்டு 'ம'வும் ரத்தக் குமிழியாக வெடித்தன. என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது.

"ஊசியாடா?" என்றார்.

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஊசியின் பெயர் ஏன் வந்தது என்று குழுவில் யாரையும் கேட்க வேண்டாம். தலைமை விருந்தாளி வாசலிலிருந்து தன் நாற்காலிக்கு நடந்து போகும்போது ஒரே ஒரு ட்ரம்பெட் தனியாக ஊத வேண்டும். அதை முழக்கம் என்போம். மூன்று படியாக ஏறி, கடைசியில் ஓர் உச்சி சுரம். விருந்தாளி நாற்காலியைத் தொடும்வரை அதை இறக்கக் கூடாது. எங்கள் பேச்சில் அது வெறும் 'உச்சி'. இந்த மண்டபத்தில் அதற்கு இருபத்திரண்டு நடை.

பன்னிரண்டு வருஷமாக என் தம்பியின் உச்சி கண்ணாடி மாதிரி நின்றது. போன மாதம் ஒரு விருந்தில் பாதியில் பிசிறி, வாத்து கத்தியதுபோல் முடிந்தது. நாப்கினால் வாயை மூடிச் சிரித்தவர்களை நான் எண்ணாமல் இருக்க முயன்றேன். முந்தாநாள் ஒத்திகையிலும் அதே வாத்து. ஊசிக்கு வாய் நிற்கவில்லை.

"அண்ணே, படி ஏற முடியலன்னா லிஃப்ட்டுக்கு வழி விட்டுடுங்க."

தம்பி ஸ்டாண்டைத் தூக்கி அவன்மேல் எறிந்தான். அது தவறிப்போய் எங்கள் டிரம் தோலைக் கிழித்தது. இருவரும் கட்டிப்புரண்டார்கள். ஊசியின் சட்டை இரண்டாகக் கிழிந்தது, தம்பியின் காதில் பல் பதிந்தது. டிராம்போன்காரர்கள் இருவர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். டிரம் அடிக்கும் இடி, "விடுங்கய்யா, இப்பத்தான் ரெண்டு பேருக்கும் தாளம் சேருது" என்று சிரித்தான். அன்றைக்கு எல்லாருமே சிரித்தோம்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மண்டபத்து நர்ஸம்மாவைத் தம்பியிடம் உட்கார வைத்துவிட்டு மேலே வந்தபோது, என் வீட்டுக்காரர் குழுவைக் கூட்டி வைத்திருந்தார்.

"வெளியாள் அடிச்சா மூக்குல குத்துவான். கண்ணுல குத்துவான். ஊதறவன அழிக்கணும்னா உதட்டுல குத்தணும்னு ஊதறவனுக்குத்தான் தெரியும்" என்றார். "ஊசி எங்க?"

சமையல் கூடத்துக்குப் பின்னால் சாமான் இறக்கும் முற்றத்தில் இருந்தான். காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தன் ட்ரம்பெட்டின் வால்வுகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து எழுந்தான். அவன் முழுதாக எழும் முன்பே என் வீட்டுக்காரரின் கை அவன் கழுத்தைப் பிடித்துவிட்டது.

முதல் அடி வயிற்றில். அவன் மடங்கினான். இரண்டாவது முதுகில். மூன்றாவது அடியில் கூடையோடு போய்க் குப்பைத் தொட்டியில் மோதினான். தக்காளி நசுங்கிச் சிதறியது. எது தக்காளி, எது அவன் மூக்கு என்று தெரியவில்லை. சமையல்காரர்கள் கரண்டியும் கையுமாக வாசலில் கூடிவிட்டார்கள். தலைமைச் சமையல்காரர் மட்டும் உள்ளிருந்தே கத்தினார்: "சூப்பு ஆறுதுடா! செத்தவன அப்புறம் எண்ணிக்கலாம், உள்ள வாங்க!"

"நான் தொடலண்ணே!" ஊசி இருமினான். "கழிவறையில இருந்தேன். சத்தம் மேலதான்னு நினைச்சு படி ஏறினேன்."

"கையில என்னடா காயம்?"

அவன் வலது கை முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. "வண்டியில உங்க டியூபாப் பெட்டிதானே நசுக்குச்சு! நீங்களே பக்கத்துல நின்னீங்களே!"

"நான் பார்க்கல."

"அப்ப உங்க டியூபாவக் கேளுங்க! அதுக்குத்தான் உங்களவிடப் பெரிய வாய் இருக்கு!"

அந்த நேரத்திலும் அவனுக்கு அந்த வாய். என் வீட்டுக்காரர் அவனை இழுத்துக்கொண்டு போய்க் குளிர் அறையின் நிலையில் சாய்த்தார். அரை அடி கனமுள்ள இரும்புக் கதவு திறந்து கிடந்தது. ஊசியின் வலது கையைப் பிடித்து, நான்கு விரல்களையும் நிலையின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். வால்வு அழுத்தும் விரல்கள்.

அப்புறம்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு. இவன்தானே?"

பதினைந்து வருஷமாக இந்தக் குழுவில் யார் எங்கே உட்காருவது, யார் எப்போது நிறுத்துவது எல்லாமே என் வாய் வார்த்தைதான். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ஊசியும் பார்த்தான்.

"அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. உங்களுக்குத் தெரியும்."

எனக்கு என்ன தெரியும்? படியில் கை துடைத்துக்கொண்டு வந்தவனைத் தெரியும். லிஃப்ட்டுக்கு வழி விடச் சொன்னவனைத் தெரியும். என் உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்த பல்லைத் தெரியும். அதன் ஓரம் என் தோலைக் குத்திக்கொண்டே இருந்தது.

"அவன்தான்" என்றேன்.

கதவு மூடியது.

காய்ந்த குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து முட்டியில் வைத்து முறித்தால் வருமே, அந்தச் சத்தம். ஊசி கத்தவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது, காற்று மட்டும் போய் வந்தது. கதவைத் திறந்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்தான். விரல்கள் திசைக்கு ஒன்றாக இருந்தன.

என் வீட்டுக்காரருக்கு இன்னும் அடங்கவில்லை. கீழே கிடந்த ஊசியின் ட்ரம்பெட்டை ஒரே மிதி. தகரம்போல் சப்பியது. விரல் நசுங்கியபோது சும்மா நின்ற டிராம்போன்காரர் ஒருவர் அப்போதுதான் "ஐயோ!" என்றார். எங்கள் ஆட்களின் மனசு அப்படி.

முற்றத்துக் கதவு திறந்தது. கட்டியக்காரர். தங்க நூல் வைத்த கோட்டின் மேல் பொத்தானை மூச்சு வாங்கப் போட்டுக்கொண்டிருந்தார். கோல் இன்னும் துணி உறைக்குள் இருந்தது.

"வழியெல்லாம் நெரிசல், இப்பத்தான் வந்து சேர்ந்தேன். இன்னும் பதினஞ்சு நிமிஷம். முழக்கத்துக்கு யாரு?" என்றவர், தரையைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். சப்பிய ட்ரம்பெட்டைப் பார்த்தார். முப்பது வருஷம் பெரிய மனிதர்களோடு பழகியவர். "நான் ஒண்ணும் பார்க்கல" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. அப்போது என் மண்டை முழுக்க முழக்கம்தான்.

முதல் ட்ரம்பெட்டுக்கு உதடு இல்லை. இரண்டாவது ட்ரம்பெட்டுக்கு விரல் இல்லை. இருநூறு நீதிபதிகள் மேசைகளில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை நீதிபதியின் கார் கிளம்பிவிட்டதாக மண்டப மேலாளர் சொல்லியனுப்பியிருந்தார்.

"நான் டிராம்போன்ல ஊதிப் பார்க்கட்டுமா?" என்றார் அந்த 'ஐயோ'க்காரர்.

"எருமையப் பல்லவி பாடச் சொன்ன மாதிரி இருக்கும்" என்றான் இடி.

அப்போது தரையிலிருந்து ஒரு குரல். "முழக்கத்துக்கு வால்வு வேண்டாம்."

ஊசி. யாரோ கொண்டுவந்த ஐஸ் வாளிக்குள் கையை விட்டிருந்தான். தண்ணீர் சிவந்துகொண்டிருந்தது. முகம் சுண்ணாம்புபோல் இருந்தது.

"எல்லாமே திறந்த சுரம். ஒரு பட்டனும் அழுத்த வேண்டியதில்ல. உதடு போதும்." பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "அத மட்டும் இன்னும் யாரும் உடைக்கல. மலையண்ணனுக்கு மறந்துபோச்சு."

அவன் சொன்னது சரி. அந்த முழக்கம் வால்வே இல்லாத காலத்து ஊதுகொம்புகளுக்காக எழுதியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஊதலாம்.

"உனக்கென்னடா தலையெழுத்து? நீ எதுக்கு ஊதணும்?" என்றார் என் வீட்டுக்காரர். குரலில் கோபம் இருந்தது, பழைய தெம்பு இல்லை.

"நான் ஊதறத ஒரு தடவ கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க, அவரோட முதல் ட்ரம்பெட் நாற்காலிய வாங்க நான் அவர் உதட்ட உடைக்கணுமான்னு."

நான் இடியைக் கீழே அனுப்பித் தம்பியின் ட்ரம்பெட் பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். ஊசி தன் சப்பிய ட்ரம்பெட்டிலிருந்து மவுத்பீஸை இடது கையால் உருவிக்கொண்டான். மவுத்பீஸ் என்பது உதட்டில் வைக்கும் சின்னக் கிண்ணம். குழாயில் சும்மா செருகியிருப்பதுதான், லேசாகத் திருகினால் கையோடு வந்துவிடும். ஒருவர் கிண்ணத்தில் இன்னொருவர் ஊத மாட்டார்கள். பல் துலக்கும் பிரஷ் மாதிரி.

மேடைக்குப் பின்னால் திரை மறைவில் நின்று பெட்டியைத் திறந்தோம். ஊசி தம்பியின் மவுத்பீஸைத் திருகினான். வரவில்லை.

"பிடிச்சுக்கோங்கக்கா." நான் ட்ரம்பெட்டைப் பிடித்துக்கொள்ள, அவன் இடது கையால் முழு பலத்தோடு திருகினான். வரவில்லை.

"குடு" என்றார் என் வீட்டுக்காரர். ஆணி பிடுங்கும் கைகள் அவருக்கு. மணிக்கட்டு நரம்பு புடைக்கத் திருகினார். முகம் சிவந்தது. மவுத்பீஸ் அசையவில்லை.

திருகிக்கொண்டிருந்தவர், நிறுத்தினார்.

மவுத்பீஸ் ஏன் இறுகும் என்று எங்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வது அது. அந்தக் கிண்ணத்தின் மேல் அடி விழுந்தால் குழாய்க்குள் இறுகிவிடும், பட்டறைக்குப் போனால்தான் கழலும். பெட்டிக்குள் மெத்தையில் படுத்திருக்கும் ட்ரம்பெட்டுக்கு யார் அடி கொடுப்பது? கிண்ணத்தின் விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது. எடுக்கவே இல்லை என்றானே.

நான் ட்ரம்பெட்டின் அகன்ற வாயைத் தடவிப் பார்த்தேன். விளிம்பு ஒரு பக்கம் உள்நோக்கி மடங்கியிருந்தது. மடிப்பில் பச்சைப் பெயின்ட்.

தூணின் பச்சை.

ஊசி என்னைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் ஊசியின் வலது கையைப் பார்த்தார். நாப்கின் சுற்றிய அந்தக் கையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

திரைக்கு அப்பால் கட்டியக்காரரின் கோல் தரையில் இறங்கியது.

தட்… தட்… தட்!

இப்பத்தான் வந்து சேர்ந்தேன் என்றாரே அவர். கோல் உறைக்குள் இருந்ததே. அப்படியானால் முதலில் கீழ்த்தளத்தில் மூன்று முறை தட்டியது யார்?

"மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்கள்!"

நினைக்க நேரமில்லை. ஊசி தம்பியின் ரத்தம் காய்ந்த மவுத்பீஸைச் சட்டைக் கையில் துடைத்தான். "உங்க குடும்பத்து எச்சில் எனக்கு இன்னைக்குத்தான்னு எழுதியிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, மேடை ஓரத்துக்குப் போய் நின்றான். உடைந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு அது மரியாதைபோலத்தான் தெரிந்திருக்கும்.

நான் குச்சியை உயர்த்தினேன்.

முதல் படி. மடங்கிய வாயிலிருந்து வந்தாலும் ஒலி நேராக வந்தது. இரண்டாவது படி. இருநூறு பேர் எழுந்து நின்றார்கள். மூன்றாவது. அப்புறம் உச்சி.

என் முதுகுத்தண்டில் யாரோ ஐஸைத் தடவியதுபோல் இருந்தது. என் தம்பியின் நல்ல காலத்தில்கூட அந்தச் சுரம் இவ்வளவு சுத்தமாக நின்றதில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று நான் நடையை எண்ணினேன். தலைமை நீதிபதி பதினான்காவது நடையில் நின்றுவிட்டார். யாரோ பழைய சிநேகிதர், கை குலுக்கி, குழந்தைகள் நலமா என்று விசாரிக்கிறார்! முழக்கம் நிற்கக் கூடாது. ஊசியின் கழுத்து நரம்பு கயிறானது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து விழுந்த சொட்டுகள் மேடையின் வெள்ளை விரிப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பரவின. என் வீட்டுக்காரர் அதற்கு நேர் பின்னால் டியூபாவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் அந்தச் சிவப்பைவிட்டு அசையவில்லை.

பதினைந்து. பதினாறு. இருபத்திரண்டு. தலைமை நீதிபதி நாற்காலியைத் தொட்டார். நான் குச்சியை இறக்கினேன். ஊசி ட்ரம்பெட்டை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போய், அங்கேதான் விழுந்தான்.

சூப்புக்கும் மீனுக்கும் டிராம்போன்களை வைத்து ஒப்பேற்றினோம். என் வீட்டுக்காரரின் டியூபா இரண்டு இடத்தில் தவறிய சுரம் கொடுத்தது. இருபது வருஷத்தில் முதல் தடவை. சாப்பாடு முடிந்து பேச்சு ஆரம்பித்தது. தலைமை நீதிபதி எழுந்து, இரண்டு தரப்பையும் கேட்காமல் ஒருவனைத் தண்டிக்கக் கூடாது என்பதுதான் நாகரிகத்தின் முதல் படி என்றார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நான் குச்சியை வைத்துவிட்டுப் படியிறங்கினேன். ஊசியை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் பின்வாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

தம்பி நர்ஸம்மா போட்ட கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கொதிகலன் உறுமிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மேலே நடப்பது எதுவும் இங்கே எட்டாது. போதாததற்கு இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எடுத்தான்.

ட்ரம்பெட்டை அவன் மடியில் வைத்தேன்.

"மவுத்பீஸ் கழல மாட்டேங்குது" என்றேன்.

அவன் ட்ரம்பெட்டைப் பார்த்தான். தூணைப் பார்த்தான். தூணில் அவன் வாய் உயரத்துக்கு வட்டமாகப் பெயின்ட் உதிர்ந்திருந்தது. முதலில் வந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. ரத்தத்தைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

"உதட்டுல வச்சு, தூண்ல இடிச்சியா?"

தலையசைத்தான்.

"எத்தன தடவ?"

மூன்று விரலைக் காட்டினான். "ரெண்டு தடவ கை நடுங்கிடுச்சு."

"ஏன்டா?"

"நாற்காலிய அவனுக்குத் தரேன்னு நீ சொன்ன. கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன்." ஒத்திகை முடிந்த ராத்திரி வீட்டில் என் வீட்டுக்காரரிடம் நான் சொன்னது அது, ஊசிக்கே இன்னும் தெரியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கட்டின் மேல் சிவப்பு ஊறியது. "ஊத வரலன்னு எறங்கினா வாத்து. எவனோ அடிச்சு எறங்கினா… வாத்து இல்ல."

பின்னால் ஒரு மூச்சு. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தம்பியை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். கை ஓங்கியது. தம்பி கண்ணைக்கூட மூடவில்லை. ஓங்கிய கை அவனைத் தாண்டிப் போய்த் தூணில் இறங்கியது. கதவைச் சாத்திய அதே கை. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை எலும்பு சத்தம் போட்டது. நான் குறுக்கே விழுந்து கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மலை என் தோளில் சாய்ந்து குலுங்கியது.

அவர் தோளுக்கு மேலாக நான் தம்பியைப் பார்த்தேன். சொல்லியே ஆக வேண்டும். என் வாயாலேயே சொல்ல வேண்டும்.

"ஊசியோட நாலு விரலும் போச்சுடா. குளிர் அறைக் கதவுல வச்சு உங்க மாமா நசுக்கிட்டார். அவன்தான்னு நான்தான் சொன்னேன். அந்தக் கையோட, உன் ட்ரம்பெட்ட வச்சு, அவன்தான் இன்னைக்கு முழக்கம் ஊதினான்."

தம்பியின் கண்கள் விரிந்தன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். கட்டைக் கையால் கீழே இழுத்துவிட்டு, பிளந்த உதட்டை அசைத்தான்.

"அக்கா… உச்சி அவனுக்கு எட்டுச்சா?"